மேல்வரிசையில் நான்கு பற்கள்

அவரைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அவருடைய மேல்தாடை என் மேசைக்கு வந்துவிட்டது. மஞ்சள் பிளாஸ்டரில் வார்த்த தாடை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து ஆட்டோவில் கொடுத்தனுப்பியிருந்தார் டாக்டர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ஆண், வயது நாற்பத்தெட்டு, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் இல்லை, உலோகத் தகட்டில் கழற்றி மாட்டும் பல் வேண்டும். பெயர் இல்லை. எனக்கு வரும் சீட்டுகளில் பெயர் இருக்காது. ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான்.

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர்தான் பல்லைச் செய்கிறார் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் வாயைப் பார்ப்பார், அளவு எடுப்பார், கடைசியில் மாட்டிவிடுவார். நடுவில் அதைச் செய்வதற்கு என்னைப் போல ஓர் ஆள் எங்காவது ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார்.

என் அறை கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஒரு விதைக்கடைக்கு மேலே இருக்கிறது. முன்னறையில் வேலை, பின்னறையில் சமையலும் படுக்கையும். ஊர் எலவனாசூர்கோட்டைதான், அங்கே அண்ணன் இருக்கிறார், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் பதினெட்டு வயதில் சென்னைக்குப் படிக்கப் போய், அங்கேயே பெரிய லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு, இருபது வருஷத்துக்குமேல் இருந்துவிட்டேன். கல்யாணம் பதினோராவது வருஷத்தில் முடிந்துபோனது. சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு குறைந்து குறைந்து ஒருநாள் நின்றுபோனது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட இருவரும் ஒரே ஆட்டோவில்தான் திரும்பினோம்.

அதற்கப்புறம் இங்கே வந்தேன். டாக்டரை ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கம். என்னைவிடப் பத்து வயது இளைய பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவார். "இங்க ஒரு லேப்பும் இல்லக்கா, எல்லாம் சேலத்துக்கு அனுப்பிக்கினு கீறேன். வந்துடுங்க" என்றார். வந்துவிட்டேன்.

சென்னை லேப்பில் ஒரே நேரத்தில் முப்பது பேர் வேலை செய்வோம். ரேடியோ பாடும், யாராவது யாரையாவது கலாய்த்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே நானும் கம்ப்ரஸர் சத்தமும். சில நாட்களில் சாயங்காலம்தான் காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது தெரியவரும். தொண்டையைச் செருமிப் பார்ப்பேன். குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

அந்த மேல்தாடையை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். மேசை மெதுவாகச் சுழன்றது, நீல வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது, இரண்டு நிமிஷத்தில் தாடை திரைக்கு வந்துவிட்டது. திரையில் மவுஸை நகர்த்தினால் அது திரும்பும், குனியும், மேல் அண்ணத்தின் சுருக்கங்கள்கூடத் தெரியும். நான்கு பற்கள் இருந்த இடத்தில் ஈறு மேடாக ஆறியிருந்தது. இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் திடமாக இருந்தன. வெற்றிலை போட்டுத் தேய்ந்த அடையாளம் கிடையாது. நல்ல பற்கள். இப்படித்தான் எனக்கு மனிதர்களைத் தெரியும். இவர் இரவில் பல்லைக் கடிக்கிறார், இவர் ஒரு பக்கமாகவே மெல்கிறார், இவருக்குச் சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லை. முகம் மட்டும் தெரியாது.

திரையில் தகட்டை வரைந்தேன். அண்ணத்தை ஒட்டிப் படுக்கிற மெல்லிய உலோகத் தகடு. அதன் இரு முனையிலும் கடைவாய்ப் பற்களைக் கட்டிப் பிடிக்கும் கொக்கிகள். முன்னால், செயற்கைப் பற்கள் ஒட்டுவதற்குச் சின்ன வலை. வரைவது ஒருநாள் வேலை. வரைந்ததை 3டி பிரிண்டருக்கு அனுப்பினால் அது சிவப்பு நிற ரெசின் பிசினில், அடுக்கடுக்காக, அதே தகட்டைக் கட்டிக் கொடுத்துவிடும். பார்க்க மீன்முள் மாதிரி இருக்கும். அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும்.

அந்தப் பிசின் தகட்டை வாயில் வைக்க முடியாது. அது உலோகமாக மாறவேண்டும். அதற்குத்தான் அச்சு. பிசின் தகட்டின் மேல் மெழுகுத் தண்டுகளை ஒட்டி, ஒரு வளையத்துக்குள் நிறுத்தி, சூடு தாங்கும் ஒரு மாவைத் தண்ணீர்போலக் கரைத்து அதைச் சுற்றி ஊற்றுவேன். மாவு கல்லாக இறுகும். அந்தக் கல்லை உலையில் வைத்து நெருப்பு நிறம் வரும்வரை ஏற்றினால், உள்ளே இருக்கும் பிசினும் மெழுகும் எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். தகட்டின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் கல்லுக்குள் மிஞ்சும். உருக்கிய உலோகம் மெழுகுத் தண்டு இருந்த வழியாக ஓடி அந்த வெற்றிடத்தை நிரப்பும். ஆறினபிறகு கல்லை உடைத்து எடுத்துத் தேய்க்கவேண்டும். உலோகம் ஆறும்போது சுருங்கும். மாவு சூட்டில் விரியும். இந்தச் சுருக்கமும் அந்த விரிவும் ஒன்றுக்கொன்று சரியாக அமைந்தால்தான் தகடு வாயில் உட்காரும்.

முதல் தகடு அழகாக வந்தது. பிளாஸ்டர் தாடையில் வைத்தேன். டக் என்று உட்கார்ந்தது. நான்கு பற்களை ஒட்டி, மினுக்கி, டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, ஆடுது."

"இன்னா ஆடுது?"

"வாயில ஆடுதுக்கா. ஒரு பக்கம் அமுக்குனா இன்னொரு பக்கம் எழும்புது. அவரு ஒண்ணும் சொல்லல. கழட்டி டேபிள்மேல வெச்சிட்டுப் போயிட்டாரு."

என் வார்ப்பில்தான் தப்பு என்று நினைத்தேன். மாவில் கலக்கும் திரவம் கம்மியாகப் போயிருக்கும், விரிவு போதவில்லை என்று எண்ணி, மறுபடியும் பிசினில் எடுத்து, மறுபடியும் மாவு ஊற்றி, மறுபடியும் உருக்கினேன். இரண்டாவது தகடும் பிளாஸ்டர் தாடையில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அதுவும் திரும்பி வந்தது.

"இனிமே வேணாம், வுட்டுடுங்கன்னு சொல்லிட்டாருக்கா" என்றார் டாக்டர். "வாயத் தொறந்துகூடச் சொல்லல. கைய ஆட்டிக் காட்டினாரு."

இரண்டு தகடுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருந்தாத பல் எனக்குப் புதிதல்ல. ஆனால் பொருந்தாததற்குக் காரணம் தெரியாமல் இருப்பது புதிது. இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"டாக்டர், அந்த ஆள நான் பாக்கலாமா?"

இத்தனை வருஷத்தில் நான் யாரையும் பார்க்கவேண்டும் என்று கேட்டதில்லை. டாக்டர் அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு, மத்தியானம் கூப்பிட்டார்.

"வெள்ளிமலை பஸ் கண்டக்டருக்கா அவரு. க்ளினிக்குக்கு வரமாட்டாராம். பாக்கணும்னா பஸ்ல வந்து பாக்கட்டும்னு மெசேஜ் போட்டிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். பையில் பிளாஸ்டர் தாடையும் இரண்டு தகடுகளும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தன. கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பொட்டலம் இட்லியும். பயணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி முடியை இறுக்கிப் பின்னியிருந்தேன். கிளம்பி எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தேன். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனதுதான் கடைசி.

பஸ் நின்றிருந்தது. அதன் பின்படி அருகில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். உயரம், நரைத்த மீசை, காக்கிச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. மற்ற பஸ்களின் கண்டக்டர்கள் எல்லாம் ஊர்பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் கத்தவில்லை. ஏறுகிறவர்கள் "வெள்ளிமலையா?" என்று கேட்டால் தலையை ஆட்டினார். நான் யாரென்று சொல்லாமல் ஏறி, நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். வேலையில் இருக்கிற ஆளிடம் எல்லார் முன்னாலும் பல்லைப் பற்றி எப்படிப் பேசுவது?

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபின் விஷயம் எனக்கு மெல்லப் புரிந்தது. விசிலை அவர் பல்லில் கவ்வவில்லை. உதட்டின் ஓரத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினார். காற்று பாதி வெளியே போனது. வளைவில் பஸ் பின்னால் வரவேண்டியிருந்தபோது இரண்டு முறை ஊதியும் டிரைவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் பஸ்ஸின் பக்கத்தகட்டைக் கையால் தட்டினார். டிக்கெட் கொடுக்கும்போது இடது கை எப்போதும் வாய்க்கு முன்னால் இருந்தது, இருமப் போகிறவர் மாதிரி.

பின் இருக்கையில் கல்லூரிக்குப் போகும் வயதில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவன் கேட்டான்.

"கண்டக்டர், இந்த பஸ்ஸு எங்க போவுது?"

அவர் முன்னிருக்கைப் பக்கம் நகர்ந்தார்.

"சொல்லுங்கண்ணா, எங்க போவுது? எள்ளிமலையா?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. 'வ' என்று சொல்லக் கீழுதடு மேல்பல்லைத் தொடவேண்டும். மேல்பல் இல்லாத ஒருவருக்கு வெள்ளிமலை என்ற சொல் வராது. ஒரு நாளைக்கு நூறு முறை அந்தச் சொல்லைச் சொல்லவேண்டியது அவர் வேலை. வாயில் உட்காரும் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை பார்த்து வரைந்த எனக்கு, அந்த வாய் எதற்கு என்று தோன்றவே இல்லை.

வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது, மூடுபனி கடைகளின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. பஸ் திரும்பக் கிளம்ப முக்கால் மணி நேரம் இருந்தது. டிரைவர் டீக்கடைக்குப் போனார். கண்டக்டர் போகவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். குழைந்த சாதம், மோர் ஊற்றிப் பிசைந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்று, அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்தேன்.

"அண்ணா, நான்தான் உங்க பல்ல செஞ்சவ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கை மெல்ல வாய்க்கு முன்னால் போனது.

"லேடீஸா?" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் சொல். ஆம்பிளைதான் செய்திருப்பான் என்று நினைத்து முதல் பல் ஆடியபோது மனதுக்குள் அந்த ஆளைத் திட்டினாராம். பிற்பாடு சொன்னார்.

நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பையிலிருந்து பிளாஸ்டர் தாடையை எடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா என்னுது?"

"ஆமாங்கண்ணா."

"செத்தவன் வாய் மாதிரி இருக்குதும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார், கைக்குப் பின்னால். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். பரிகம் தாண்டி ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தபோது, டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் போய்ச் சீட்டுக்கம்பியில் வாயை மோதிக்கொண்டார். நான்கு பற்களும் போயின. யார் மேலும் தப்பில்லை என்றார். அவர் பேசும்போது சில எழுத்துகள் வெறும் காற்றாக வந்தன. கவனித்துக் கேட்டேன், எல்லாம் புரிந்தது.

"வூடு நைனார்பாளையம். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. முன்ன டெய்லி வூட்டுக்குப் போயிடுவேன். இப்ப ராத்திரி மலையிலயே தங்குற பஸ்ஸக் கேட்டு வாங்கிக்கினேன். இங்க யாரு பேசப் போறாங்கோ? போன் வந்தா எடுப்பேன். அவ பேசிக்கினே இருப்பா, நான் உம் கொட்டுவேன். பெரிய பொண்ணு ஒருநாள் கேட்டுடுச்சு, அப்பாவுக்கு எங்க மேல கோவமான்னு."

அவர் தாடையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவம் இல்லம்மா. பேசினா அதுங்களுக்குச் சிரிப்பு வந்துடும், அப்பறம் அழுவும். எதுக்குன்னு வுட்டுட்டேன்."

நான் இரண்டாவது தகட்டை நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மொபைல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலது கொக்கி பல்லை அணைத்திருந்தது. இடது கொக்கி பல்லைவிட்டு ஒரு நெல்மணி அளவுக்குத் தள்ளி நின்றது. அழுத்தினால் வலது பக்கம் எழும்பியது. கழற்றச் சொல்லிவிட்டுப் பிளாஸ்டர் தாடையை அவர் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அண்ணம் அதே அண்ணம்தான், ஆனால் பிளாஸ்டர் ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. கம்ப்யூட்டர் தப்பு செய்யவில்லை, அச்சு தப்பு செய்யவில்லை, உலோகமும் தப்பு செய்யவில்லை. நான் ஸ்கேனரில் வைத்த தாடையே அவருடைய தாடை இல்லை.

"அண்ணா, முதல்ல அளவு எடுத்தாங்களே, ஒரு தட்டுல ரோஸ் கலர்ல கூழு மாதிரி வெச்சு வாயில அமுக்குவாங்க. அத எடுத்தப்பறம் என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். "ஜன்னலாண்ட வெச்சாங்கோ. அப்ப கரெண்ட்டு போயிடுச்சு. யாரோ ஒரு கொழந்தைக்கு ரத்தம் நிக்கலன்னு தூக்கியாந்தாங்கோ. டாக்டரம்மா அங்க ஓடிட்டாங்கோ. நான் டீ குடிச்சிட்டு வந்து, மாத்திரை சீட்டுக்காக உக்காந்துக்கினு இருந்தேன். அது அங்கயேதான் வெயில்ல இருந்துச்சு. ஏம்மா?"

அந்தக் கூழ் ஈரத்தில்தான் வடிவத்தைக் காப்பாற்றும். எடுத்த சில நிமிஷத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிடவேண்டும். காய்ந்தால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதைச் சொன்னேன். அவர் பிளாஸ்டர் தாடையை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"அப்ப என் வாயில கோளாறு இல்லியா?"

"இல்லண்ணா."

"என் வாயிதான் கோணிப் போச்சு, அதான் எதுவும் ஒக்காரலன்னு நெனச்சிக்கினு கீறேன்" என்றார். கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோக மறந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு வேலை இருந்தது. இறங்கும்போது தலையை மட்டும் ஆட்டினார்.

டாக்டரிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. இந்த ஊரில் எனக்கு என்று இருக்கிற ஒரே ஆள் அவர். போனில் சொல்லாமல் நேரில் போய், இரண்டு தகடுகளையும் தாடையையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் தாடையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு அந்தக் கொழந்த" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்லக்கா. என் தப்புதான். அவரு கிட்ட நானே பேசறேன்."

பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தன்னுடைய வார லீவு நாளில் கண்டக்டர் க்ளினிக்குக்கு வந்தார். நான் பிளாஸ்டர் தூளையும் தண்ணீரையும் அளந்துவைத்துக்கொண்டு பக்கத்து அறையில் நின்றேன். டாக்டர் தட்டை வாயிலிருந்து எடுத்ததும் என் கையில் கொடுத்தார். கழுவி, உதறி, அங்கேயே பிளாஸ்டரை ஊற்றினேன். இறுகும்வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி.

புதிய தாடையைத் திரையில் கொண்டுவந்து, பழையதன்மேல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் விலகல் பளிச்சென்று தெரிந்தது. புதிதாகத் தகடு வரைந்தேன். இந்தமுறை வரையும்போது அவர் பேசுவதை நினைத்துக்கொண்டே வரைந்தேன். முன்பற்கள் கீழுதட்டைத் தொடும் உயரம், நாக்கு முட்டும் இடம், தகட்டின் முன்ஓரம் நாக்கை இடறாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தனியே உட்கார்ந்து வாய்விட்டு "வெள்ளிமலை, வெள்ளிமலை" என்று சொல்லிப் பார்த்து, என் உதடு எங்கே படுகிறது என்று கவனித்தேன். படியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த விதைக்கடைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவசரம்தான் கெடுத்தது. பிசின் தகடு, மெழுகில் வார்த்ததைப் போல உருகி ஓடிவிடாது. சூட்டில் முதலில் உப்பும். அதனால் உலையை ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றவேண்டும். இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிடவேண்டும் என்று சூட்டைச் சீக்கிரம் ஏற்றினேன். உலைக்குள்ளிருந்து பட் என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தபோது அச்சு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. அதற்குள் உலோகத்தை ஊற்றினால் வெடிப்பு வழியே கசிந்துவிடும். பயனில்லை.

உலையை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓர் அச்சு உடைவதற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான். அன்று அழுதேன். யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் "விடுடி, இன்னொண்ணு போட்டா போச்சு" என்று சொல்லியிருப்பார்கள், நானும் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் அது பெரிய விஷயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னொரு பிசின் தகட்டுக்காகப் பிரிண்டரை ஓடவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து உலையின் பக்கத்திலேயே இருந்தேன். மெல்ல ஏற்றி, நிறுத்தி, மறுபடி ஏற்றினேன். மத்தியானம் அச்சு மாம்பழ நிறத்தில் ஒளிர்ந்தது, ஒரு கீறல் இல்லை. உலோகத்தை உருக்கி, அச்சை வார்ப்பு இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றிவிட்டேன். உள்ளே ஓடியதா, கொக்கியின் நுனிவரை போனதா என்று அப்போது தெரியாது. ஆறும்வரை ஒன்றும் தெரியாது. ஆறினபிறகு சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். கல் உதிர்ந்தது. கறுத்த தகடு இரண்டு கொக்கிகளோடும் நுனிவரை முழுசாக வெளியே வந்தது.

மாட்டும் நாளன்று என்னையும் வரச் சொன்னார் டாக்டர். கண்டக்டர் சட்டையை மாற்றிக்கொண்டு, மீசையைச் சீர்செய்துகொண்டு வந்திருந்தார். பற்கள் ஒட்டிய தகடு உள்ளே போனது. டாக்டர் வலது பக்கம் அழுத்தினார், இடது பக்கம் அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆடலக்கா."

கண்டக்டர் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, பரீட்சையில் ஒப்பிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"வெள்ளிமலை."

முதல்முறை கொஞ்சம் இழுத்தது. "வெள்ளிமலை, வெள்ளிமலை, பரிகம், வெள்ளிமலை" என்று அடுத்தடுத்து வந்தது, பஸ் நிலையத்தில் கத்துகிற வேகத்தில். பிறகு சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துப் பல்லில் கவ்வி ஒரே ஊது. அந்தச் சின்ன அறையில் காது அடைத்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வூட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேம்மா" என்று வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் நின்றபடி பேசினார், பிறகு மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார், பிறகு யாருடையதோ ஒரு பைக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசினார். கையை வீசி வீசிப் பேசினார். நான் என் பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் கடந்து போனபோது அவர் சின்னப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, "இன்னா பரீச்ச? எப்ப பரீச்ச?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பொருந்திய பல் திரும்பி வராது. அதைப் போட்டுக்கொண்டவரும் வரமாட்டார். எங்கள் தொழிலில் நன்றாகச் செய்ததற்கு அடையாளம் அதுதான்: பிறகு ஒரு செய்தியும் இருக்காது. இதைச் சென்னையிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அப்போது அது பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாற்றம் நடந்தது. கஷ்டமான தாடைகள் வந்தால் டாக்டர் என்னைச் சனிக்கிழமைகளில் க்ளினிக்குக்குக் கூப்பிடுகிறார். அளவு எடுக்கும்போது நான் நிற்கிறேன், பிளாஸ்டரை நானே ஊற்றுகிறேன். "இவங்கதான் உங்களுக்குப் பல்லு செய்யப் போறாங்க" என்று டாக்டர் சொல்வார். சிலர் வணக்கம் வைப்பார்கள். சிலர் வாயில் தட்டு இருப்பதால் கண்ணால் மட்டும் பார்ப்பார்கள். ஓர் அம்மா, பல் கட்டி முடித்ததும், என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வாரத்தில் ஒருநாள்தான். மீதி ஆறு நாளும் பழையபடிதான் போகின்றன.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்வதற்கு எதுவும் இல்லாமல், வெள்ளிமலை பஸ் ஏறினேன். அவரைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டக்டர் வேறு ஆளாக இருந்தார், இளைஞர். பழையவர் எங்கே என்று கேட்டேன்.

"அவரு நைனார்பாளையம் ரூட்டுக்கு மாத்திக்கினு போயிட்டாருக்கா. வூட்டாண்டயே இருக்கணும்னு கேட்டாரு. ரெண்டு மாசமாச்சு. நீங்க சொந்தமா?"

"இல்ல" என்றேன். "தெரிஞ்சவங்க."

"எங்க போவணும்?"

"வெள்ளிமலை."

"அங்க யாரு வூட்டுக்கு?"

அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். "சும்மா" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மரவள்ளி நட்ட சரிவுகளின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு பெண் தலையில் விறகோடு எதிரே வந்து, "யாரத் தேடிக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். அவள் நின்று, விறகைச் சரிசெய்துகொண்டு, இந்தப் பாதை ஓடைக்குப் போகும், அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது என்றாள். நன்றி சொல்லிவிட்டு ஓடைவரை போனேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.